சிறிய லாபமா, பெரிய பந்தயமா: கிரிப்டோ வர்த்தகத்தில் முதலைக் காக்கும் வழி எது?

கிரிப்டோ நாணயங்களில் ஒரு தொகையை ஈடுபடுத்துவது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் அடுத்துக் கேட்பது எந்த நாணயத்தை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, அந்தத் தொகையை எந்த முறையில் ஈடுபடுத்துவது என்பது. லெவரேஜ் (கையிலுள்ள தொகையைப் போலப் பல மடங்குக்குப் பந்தயம் கட்ட உதவும் கடன்) எடுத்து, நாணயத்தையே வாங்காமல் அதன் விலை மீது ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸில் இறங்கலாம். புதிதாக வெளியான சிறு நாணயங்களில் பணத்தைத் தூவலாம். நாணயத்தையே அன்றைய விலைக்கு வாங்கும் ஸ்பாட் சந்தையில் சிறு இலக்குகளை வைத்துக்கொண்டு வாங்கி விற்கலாம். வட்டி தருவதாகச் சொல்லும் தளங்களில் வைப்பாகப் போடலாம். அல்லது முதலின் ஒரு பங்கை மட்டும் பிட்காயினுக்கு ஒதுக்கி, மீதியை வெளியே வைத்து, அந்தப் பங்கு மாறாதபடி அவ்வப்போது சமன் செய்துகொண்டு வரலாம். இவை அனைத்தும் ஒரே செயலியில் அடுத்தடுத்த பொத்தான்களாக இருப்பதால் ஒன்றுக்கொன்று நெருங்கியவை போலத் தெரிகின்றன. ஆனால் முதலுக்கு நேரக்கூடிய ஆபத்து என்று பார்த்தால் இவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

அதிக லாபத்தைத் துரத்தும் பந்தயங்களைவிடச் சிறிய, சீரான லாபத்தை நாடும் முறைகளே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றவை என்பதுதான் என் முடிவு. ஆனால் இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டு, குறைந்த லாபம் சொல்லும் எதையும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்பவர்களும் ஏமாறுவார்கள். கிரிப்டோவின் வரலாற்றில் மிகப் பெரிய இழப்புகளில் சில, மாதந்தோறும் சலனமில்லாமல் வட்டி கொடுத்துவந்த இடங்களில்தான் நேர்ந்தன. எனவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும்: இந்த லாபத்தை யார் கொடுக்கிறார்கள், ஒரே நிகழ்வில் என் முதலில் எவ்வளவு போகக்கூடும்?

லெவரேஜ்: திசை சரியாக இருந்தும் தோற்பது

முதலில் ஃபியூச்சர்ஸை எடுத்துக்கொள்வோம். கிரிப்டோவில் அதிகம் புழங்குவது முடிவுத் தேதி இல்லாத பெர்பெச்சுவல் ஒப்பந்தம். 2016ஆம் ஆண்டில் பிட்மெக்ஸ் தளம் இதை அறிமுகப்படுத்தி, 100 மடங்கு வரை லெவரேஜ் கொடுத்தது. பின்னர் மற்றத் தளங்களும் இதே வழியில் போயின. 100 டாலரை மார்ஜினாக, அதாவது ஈடாக, வைத்து 20 மடங்கு லெவரேஜில் ஒருவர் பிட்காயினை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது 2,000 டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம். கட்டணமும் இந்த 2,000 டாலர் மீதுதான் கணக்கிடப்படுகிறது. 0.05 சதவீதக் கட்டணம் என்றால் நுழையும்போது ஒரு டாலர், வெளியேறும்போது ஒரு டாலர். அதாவது விலை அசைவதற்கு முன்பே மார்ஜினில் 2 சதவீதம் போய்விடுகிறது. இதற்கு மேல் ஃபண்டிங் கட்டணம் இருக்கிறது. ஒப்பந்த விலை ஸ்பாட் விலையைவிட மேலே இருக்கும்போது, வாங்கியவர்கள் விற்றவர்களுக்கு வழக்கமாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும். அது 0.01 சதவீதம் என்ற சாதாரண அளவில் இருந்தால்கூட, நாளொன்றுக்கு 60 சென்ட், பத்து நாளில் 6 டாலர். சந்தை சூடாக இருக்கும் நாள்களில் இதே விகிதம் பல மடங்கு உயரும்.

இவை சிறிய தொல்லைகள். பெரியது லிக்விடேஷன். 20 மடங்கு லெவரேஜில் விலை ஏறத்தாழ நாலரை சதவீதம் எதிர்த்திசையில் போனாலே தளம் ஒப்பந்தத்தைத் தானாக மூடி, மார்ஜினை எடுத்துக்கொள்ளும். 60,000 டாலரில் வாங்கியவருக்கு அந்தக் கோடு ஏறக்குறைய 57,300. பிட்காயின் ஒரு நாளில் இவ்வளவு அசைவது அபூர்வமான நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. விலை நள்ளிரவில் 57,000ஐத் தொட்டுவிட்டு மறுநாள் மாலை 63,000க்குப் போனால், ஏறும் என்று அவர் கணித்தது சரிதான். ஆனால் அந்த ஏற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. ஸ்பாட்டில் அதே 100 டாலருக்கு வாங்கிவைத்திருந்தவர் இடையில் நாலைந்து டாலர் குறைந்ததைப் பார்த்துவிட்டு, 5 டாலர் லாபத்தில் நிற்பார். திசையைக் கணிப்பதே கடினம் என்னும் சந்தையில், லெவரேஜ் எடுத்தவர் விலை எந்தப் பாதையில் போகும் என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டியவராகிறார். அந்தத் திறமை எவரிடமும் இருப்பதாக நான் நம்பவில்லை.

மோசமான நாள்களில் இது கூட்டுச் சரிவாக மாறுகிறது. 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் 35 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று நிதானமாக எடுத்ததாக நினைத்தவர்களும் அன்று அடிபட்டார்கள். 2025 அக்டோபர் 10 அன்று, சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 100 சதவீத வரி விதிக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், ஒரு நாளுக்குள் 19 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கட்டாயமாக மூடப்பட்டன. கட்டாய விற்பனை விலையை இறக்குகிறது, இறங்கிய விலை அடுத்த கணக்கை மூடுகிறது, அது மேலும் இறக்குகிறது. இந்தச் சுழலில், குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கும் தாங்கள் குறித்த விலை கிடைப்பதில்லை. கட்டுப்பாட்டு அமைப்புகள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்மா அமைப்பு 2018இல் கிரிப்டோ சார்ந்த சிஎஃப்டி (விலை வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும்) ஒப்பந்தங்களில் சாதாரண முதலீட்டாளர்களுக்கான லெவரேஜை இரண்டு மடங்குக்குள் கட்டுப்படுத்தியது; பிரிட்டனின் எஃப்சிஏ, 2021 ஜனவரி 6 முதல் ஃபியூச்சர்ஸ் போன்ற கிரிப்டோ டெரிவேட்டிவ்களைச் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே தடை செய்தது.

புதிய நாணயங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நூறு மடங்கு ஏறிய நாணயத்தின் படம் எல்லார் கண்ணிலும் படுகிறது, பூஜ்யத்துக்குப் போனவற்றின் படத்தை யாரும் பகிர்வதில்லை. வெளியிட்டவர்களிடமே பெரும்பங்கு இருக்கும் நாணயத்தில், விலை ஏறும்போது விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்குத்தான் முதலில் வரும். அவர்கள் விற்கும்போது வாங்குகிறவர்தான் அந்த லாபத்தைக் கொடுக்கிறவர். லாட்டரிச் சீட்டுக்குச் செலவழிக்கும் மனநிலையோடு ஒருவர் இதில் சிறு தொகையைப் போடலாம். அதை முதலீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது.

சிறு இலக்கு: கணக்கைக் காப்பாற்றுவது பந்தய அளவு

மூன்றாவது வழி, ஸ்பாட் சந்தையில் சிறு இலக்குகளோடு வாங்கி விற்பது. இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மிதமான லாபத்துக்கான வாதம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

1,000 டாலர் வைத்திருப்பவர், ஒரு வர்த்தகம் தவறினால் முதலில் 1 சதவீதம், அதாவது 10 டாலருக்கு மேல் இழப்பதில்லை என்று விதி வைத்துக்கொள்கிறார். வாங்கும் விலைக்கு 4 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ், 8 சதவீதம் மேலே இலக்கு. அப்படியானால் அவர் வாங்க வேண்டியது 250 டாலருக்கு மட்டுமே. தோற்றால் 10 டாலர் போகும், வென்றால் 20 டாலர் வரும். கடன் எதுவும் தேவையில்லை. நூறு வர்த்தகங்களில் 45 வெற்றி, 55 தோல்வி என்று அவருக்கு அமைவதாகக் கொள்வோம். பாதிக்கும் மேல் தோற்றாலும் லாபம் தரும் முறை இது. கட்டணங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் அப்போதைய முதலில் 1 சதவீதம் என்று வைத்தால், 1,000 டாலர் நூறு வர்த்தக முடிவில் ஏறத்தாழ 1,403 ஆகிறது. 2 சதவீதம் வைத்தால் 1,923. சரி, பந்தயத்தை 40 சதவீதமாக ஏற்றினால்? அதே முறை, அதே 45 வெற்றி, அதே 55 தோல்வி. முடிவில் கணக்கில் இருப்பது 193 டாலர். வெற்றி தோல்விகள் எந்த வரிசையில் வந்தாலும் இதே விடைதான். லாபம் தரும் முறையைக் கையில் வைத்துக்கொண்டே முதலைத் தொலைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கணக்குத் தெரிந்த வாசகர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்: இடைப்பட்ட அளவு, எடுத்துக்காட்டாக 20 சதவீதம், வைத்தால் என்ன ஆகும்? காகிதத்தில் 1,000 டாலர் 17,000க்கும் மேல் போகிறது. இதை மறைத்துவிட்டுச் சிறு பந்தயமே சிறந்தது என்று வாதிடுவது நேர்மையாகாது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட சூத்திரமும் இந்த எடுத்துக்காட்டுக்கு 17.5 சதவீதம் என்றே விடை தரும். ஆனால் அந்த விடை, வெற்றி விகிதம் 45 என்பது உறுதியாகத் தெரிந்தவருக்கு உரியது. நம்மில் யாருக்கும் நம் வெற்றி விகிதம் தெரியாது. ஏறுமுகச் சந்தையில் எடுத்த ஐம்பது வர்த்தகங்களைப் பார்த்து 45 என்று நினைக்கிறோம். சந்தை மாறியதும் அது 36 ஆக இருக்கலாம். 36 வெற்றி, 64 தோல்வி என்று ஆனால் 20 சதவீதம் வைத்தவரிடம் மிஞ்சுவது 114 டாலர். 1 சதவீதம் வைத்தவர் 1,072 டாலரோடும், 2 சதவீதம் வைத்தவர் 1,126 டாலரோடும் நிற்கிறார்கள். தன் திறமையைத் தவறாக மதிப்பிட்டதற்கு அவர்கள் இழந்தது வரவேண்டிய லாபத்தின் ஒரு பகுதியை மட்டுமே.

இன்னொரு கணக்கும் உண்டு. வெற்றி விகிதம் உண்மையிலேயே 45 என்றாலும், நூறு வர்த்தகங்களுக்குள் எங்காவது ஆறு தோல்விகள் தொடர்ச்சியாக வருவதற்கான வாய்ப்பு, வராமல் போவதற்கான வாய்ப்பைவிட அதிகம். அந்த ஆறும் 1 சதவீதக்காரரின் முதலில் 6 சதவீதத்தைக் குறைக்கும். 20 சதவீதக்காரரின் முதலில் 74 சதவீதத்தைக் கொண்டுபோகும். முக்கால் பங்கு போன பிறகு ஏழாவது வர்த்தகத்தை அதே விதியோடு, அதே நிதானத்தோடு எடுப்பவர் யார்? பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விதியை மீறி, விட்டதைப் பிடிக்க லெவரேஜ் பக்கம் திரும்புகிறார்கள். 50 சதவீத இழப்பை மீட்க 100 சதவீத லாபமும், 80 சதவீத இழப்பை மீட்க 400 சதவீத லாபமும் தேவை என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நஷ்டத்தில் இருக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

இதனால் சிறு இலக்கு வர்த்தகம் எளிதான சம்பாத்தியம் என்று ஆகிவிடாது. அடிக்கடி வாங்கி விற்பதே ஒரு செலவு. ஸ்பாட்டில் ஒருவழிக் கட்டணம் 0.1 சதவீதம் என்றால் போய்வர 0.2, அரை சதவீத லாபத்துக்காக ஓடுபவர் அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தளத்துக்குக் கொடுக்கிறார், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் போவது தனி. அமெரிக்கப் பங்குச் சந்தையில் 1991 முதல் 1996 வரை 66,000க்கும் மேற்பட்ட குடும்பக் கணக்குகளை ஆராய்ந்த பார்பரும் ஓடீனும், அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதமும், சந்தை 17.9 சதவீதமும் ஈட்டியதைக் கண்டார்கள். பிரேசிலில் பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் 300 நாள்களுக்கு மேல் விடாமல் தினசரி வர்த்தகம் செய்தவர்களில் 97 சதவீதத்தினர் நஷ்டமே அடைந்தார்கள் என்று மற்றொரு ஆய்வு சொல்கிறது. கிரிப்டோ இவற்றைவிட மென்மையான சந்தை இல்லை. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் வர்த்தக எண்ணிக்கையைக் குறைவாகவும், இலக்கைக் கட்டணத்தின் பல மடங்காகவும் வைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு சதவீதம் என்ற இலக்கு தன்னடக்கமானதாகக் காதில் விழும். கூட்டிப் பார்த்தால் ஓராண்டில் 37 மடங்குக்கும் மேல். அதை யாராவது உறுதியளித்தால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது. மாதம் 40 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிவந்த பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ திட்டம் 2018 ஜனவரியில் மூடியபோது, அதன் நாணயத்தின் மதிப்பில் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரத்தில் கரைந்தது.

வட்டி: அமைதியாகத் தெரியும் ஆபத்து

நிதானமானவர்கள் அதிகம் ஏமாறும் இடம் வட்டித் திட்டங்கள். இங்கே விலைப்படம் இல்லை, லிக்விடேஷன் இல்லை, தினமும் கொஞ்சம் கூடும் ஓர் எண் மட்டுமே கண்ணில் படுகிறது. டெர்ரா என்ற கிரிப்டோ வலையமைப்பின் ஆங்கர் திட்டம், டாலருக்கு இணையாக நிற்கும் என்று சொல்லப்பட்ட யுஎஸ்டி (UST) நாணயத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கொடுத்துவந்தது. நூறு மடங்கு ஏறும் நாணயங்களைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு 20 சதவீதம் அடக்கமான எண்ணாகவே தெரிந்தது. முதல் கேள்வியை இதற்குப் போட்டுப் பார்க்கலாம்: யார் கொடுக்கிறார்கள்? கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. பற்றாக்குறையை ஒரு கையிருப்பு நிதி ஈடுகட்டியது. அந்த நிதி வற்றியபோது 2022 பிப்ரவரியில் டெர்ரா தரப்பே 450 மில்லியன் டாலரை அதில் ஊற்றியது. அதாவது வட்டி என்று வந்தது, வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கான விளம்பரச் செலவு. 2022 மே மாதத்தில் யுஎஸ்டி தன் ஒரு டாலர் நிலையை இழந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய, டெர்ராவின் மற்றொரு நாணயமான லூனா, ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டியிருந்த நாணயம், மே நடுவில் ஒரு சென்டின் சிறு பின்னமாகிப்போனது. இரண்டிலும் சேர்ந்து ஏறத்தாழ 40 பில்லியன் டாலர் மதிப்பு அழிந்தது.

அதே ஆண்டு ஜூன் 12 அன்று, 17 சதவீதம் வரை வட்டி என்று விளம்பரம் செய்துவந்த செல்சியஸ் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. ஜூலை 13 அன்று திவால் மனு போட்டது. அதில் பணம் வைத்தவர்கள் சூதாடிகள் இல்லை. பெரும்பாலும் வங்கி வைப்பைப் போல நினைத்து வைத்தவர்கள். வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு இதற்கு இல்லை என்பதும், தங்கள் நாணயம் வேறொருவருக்குக் கடனாகப் போயிருக்கிறது என்பதும் அவர்களுக்கு உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

இதோடு ஒப்பிட்டால் எத்தீரியத்தின் ஸ்டேக்கிங் (அதன் நாணயமான ஈத்தரைப் பிணையாகப் பூட்டிவைத்து வலையமைப்பை இயக்க உதவுவது) வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல முடிகிறது. 2022 செப்டம்பர் 15 முதல் அந்த வலையமைப்பு ஸ்டேக்கிங் அடிப்படையில் இயங்குகிறது. பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர்களுக்குப் புதிதாக உருவாகும் ஈத்தரும் கட்டணத்தின் ஒரு பகுதியும் கிடைக்கின்றன. ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டிய அளவு. விதிகளை மீறும் சரிபார்ப்பாளரின் ஈத்தர் பறிக்கப்படும் என்பதைத் தவிர, இதில் மறைவான கடன் எதுவும் இல்லை. ஆனால் வருமானமும் முதலும் ஈத்தரிலேயே இருக்கின்றன. 2021 நவம்பரில் 4,800 டாலரைத் தாண்டிய ஈத்தர் 2022 ஜூனில் 1,000 டாலருக்கும் கீழே வந்தது. ஏற்கெனவே ஈத்தரை நெடுநாள் வைத்திருக்க முடிவெடுத்தவருக்கு 3 சதவீதம் நல்ல கூடுதல் வரவு. அந்த 3 சதவீதத்துக்காக ஈத்தரை வாங்குவது தலைகீழான செயல்.

கிரிட் பாட் என்று தளங்கள் கொடுக்கும் தானியங்கி முறையும் இந்த வகையில்தான் சேரும். ஒரு விலை வரம்புக்குள் கீழே வாங்கி மேலே விற்றுக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் சிறு சிறு லாபம் வரும். விலை வரம்பை உடைத்துக் கீழே போகும் நாளில், கையிலிருந்த டாலர் முழுவதும் விழுந்துகொண்டிருக்கும் நாணயமாக மாறியிருக்கும். ஸ்பாட்டில் வாங்கி, அதே அளவுக்கு ஃபியூச்சர்ஸில் விற்று, இடைவெளியை லாபமாக எடுக்கும் முறை இதைவிட உறுதியானது, ஏனெனில் லெவரேஜ் எடுத்து வாங்குபவர்கள்தான் அந்த ஃபண்டிங் தொகையைக் கொடுக்கிறார்கள். ஆனால் விற்ற பக்கத்துக்கு மார்ஜின் பார்த்துக்கொள்ள வேண்டும், இடைவெளி சுருங்கும் மாதங்களில் வருமானம் ஒன்றுமில்லாமல் போகும், இரண்டு பக்கமும் ஒரு தளத்தை நம்பியே நிற்கும்.

அந்தத் தள ஆபத்து எல்லா வழிகளுக்கும் பொது. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் என்று, வர்த்தகத்தில் எந்தத் தவறும் செய்யாதவர்களின் பணமும் தளத்தோடு சேர்ந்து முடங்கியது. 2025 பிப்ரவரியில் பைபிட் தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஈத்தர் திருடப்பட்டபோது அந்தத் தளம் தாக்குப்பிடித்தது; அடுத்த தளமும் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டாலருக்கு இணையாக நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயினும் ரொக்கத்துக்கு முழு ஈடாகாது. சிலிக்கன் வேலி வங்கி மூடப்பட்டபோது, அதில் 3.3 பில்லியன் டாலர் கையிருப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி நாணயம், 2023 மார்ச் 11 அன்று 90 சென்டுக்கும் கீழே இறங்கி, சில நாள்களில் மீண்டது.

ஒரு பங்கு மட்டும்

கடைசி வழி, பார்க்கச் சலிப்பானது. என் தேர்வு இதுதான். 1,000 டாலரில் 300 டாலருக்குப் பிட்காயின், 700 டாலர் வெளியே. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஓராண்டில் 16,000க்குக் கீழே, ஏறத்தாழ 77 சதவீதம் விழுந்தது. முழுத்தொகையையும் அதில் வைத்தவருக்கு 230 டாலர் மிஞ்சியது; மீள்வதற்கு 335 சதவீத ஏற்றம் தேவைப்பட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வைத்தவரிடம் 769 டாலர் இருந்தது. முதலை மீட்க அவருக்கு 30 சதவீத லாபம் போதும். இதன் விலையையும் சொல்லிவிட வேண்டும்: பிட்காயின் மூன்று மடங்கானால் முழுதும் வைத்தவர் 3,000 டாலரைப் பார்க்கும்போது இவர் 1,600 டாலரோடு இருப்பார். அந்த வித்தியாசத்தைப் பொறாமையில்லாமல் பார்க்க முடியாதவருக்கு இம்முறை ஒத்துவராது. அவர் ஏற்றத்தின் உச்சத்தில் மீதி 700ஐயும் உள்ளே போட்டுவிடுவார்.

சமன் செய்வது எப்படி உதவுகிறது என்பதையும் ஓர் எண்ணால் காட்டலாம். பிட்காயின் பாதியாகிறது: 150 சேர் 700, மொத்தம் 850. அதில் 30 சதவீதம் 255. எனவே வெளியிலிருந்து 105 டாலருக்கு வாங்குகிறார், 595 வெளியே இருக்கிறது. விலை பழைய இடத்துக்குத் திரும்பினால் 255 என்பது 510 ஆகி, மொத்தம் 1,105. விலை கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறது, கணக்கோ 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. எதையும் கணிக்காமல், ஆண்டுக்குச் சில முறை மட்டும் செய்யும் வேலை இது. ஆனால் விழுந்தது மீளும் என்ற அனுமானம் இதில் இருக்கிறது. பிட்காயின் 2024 மார்ச்சில் தன் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஈத்தர் 2025 ஆகஸ்டு வரை காத்திருக்க வைத்தது. லூனா மீளவே இல்லை. விழ விழ வாங்கும் விதியை லூனாவில் கடைப்பிடித்தவர், வெளியே இருந்த 700 டாலரையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழந்திருப்பார். ஆகவே இம்முறை பிட்காயினுக்கு, அதிகம் போனால் ஈத்தருக்கு மட்டும்.

மாதந்தோறும் ஒரு சிறு தொகைக்கு வாங்குவது இதனோடு இயல்பாகப் பொருந்துகிறது. அது வாங்கும் விலையைச் சராசரியாக்கும். வாங்கிச் சேர்த்தது பெருகிய பிறகு, அந்தக் குவியல் விழுவதிலிருந்து அது காப்பாற்றாது. அதன் பெரிய பயன் வேறு. 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரையிலான செயலிப் பதிவிறக்கங்களை ஆராய்ந்த பன்னாட்டுத் தீர்வு வங்கி, பிட்காயின் வாங்கியவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் நஷ்டத்தில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்தில் பிட்காயினின் விலை பல மடங்கு ஏறியிருந்தது! ஏறியபோதுதான் கூட்டம் உள்ளே வந்தது என்பதே காரணம். தேதியை வைத்து வாங்குபவர் அந்தக் கூட்டத்தில் சேர்வதிலிருந்து தப்புகிறார்.

ஓராண்டுக்குள் தேவைப்படும் பணமோ, கடன் வாங்கிய பணமோ இருந்தால் மேலே சொன்ன எந்த வழியும் வேண்டாம். அப்படி இல்லாதவர் ஒதுக்கும் பங்கு 30 சதவீதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பங்கில் முக்கால்வாசி போனாலும் தூக்கம் கெடாத அளவு எதுவோ அது. நெடுநாளுக்கான நாணயத்தைத் தளத்தில் விடாமல் சொந்த வாலட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வர்த்தகத்திலும் கை வைக்க ஆசைப்படுபவர் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தனிக் கணக்காகப் பிரித்து, கரைந்தால் மறுபடி நிரப்புவதில்லை என்ற நிபந்தனையோடு, ஒரு வர்த்தகத்துக்கு அந்தக் கணக்கில் 1 சதவீத ஆபத்தோடு தொடங்கலாம். நுழைந்த விலை, ஸ்டாப் லாஸ், வெளியேறிய விலை, கட்டணம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்து, இறங்குமுகச் சந்தையும் அடங்கிய நூறு வர்த்தகங்கள் கட்டணம் போக லாபத்தில் நின்றால், 2 சதவீதத்துக்குப் போவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.